துண்டு வீசினால் கானாங்கத்தை

இல்ல சார், முத்துவேலுக்கு நான் சொந்தமும் இல்ல, சாமீனுக்கு வந்த ஆளும் இல்ல. சுருக்குமடி வலை போடலாமா கூடாதான்னு வந்த தகராறுலேர்ந்து அவங்க வூட்டு நல்லது கெட்டதுக்குக்கூட நான் போறதில்ல. அப்பறம் ஏன் வந்தேன்னா, அவனக் கொலகாரன்னு உள்ள வச்சிருக்கீங்களே, அதுக்குத்தான். ஸ்டேசன் வாசல்ல செவப்புத் தொப்பி போலீசுக்காரரு ஒக்காருன்னாரு, காலையிலேர்ந்து ஒக்காந்திருக்கேன். கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க, அப்பறம் தொரத்தறதுன்னா தொரத்துங்க.

கம்ப்ளெய்ண்ட் குடுத்தது அன்புசெல்விதானே? செத்துப்போன பாலகுருவோட பொண்டாட்டி. அது பொய் சொல்லல சார். புருசன் நேத்து கடல்ல உசுருக்குத் தவிக்கறான், படகுலேர்ந்து துண்டு வீசிக் கூப்புடறாங்க, அதப் பாத்த முத்துவேலு தன்னோட படகு மிஷின நிறுத்திட்டான். பழைய பகைய மனசுல வச்சிக்கிட்டு, சாவட்டும்னு நிறுத்திட்டான்னு அது நெனைக்குது. டவுனுக்குள்ள, நெல்லித்தோப்புல வளந்த பொண்ணு. கடலக் கரையிலேர்ந்து பாத்ததோட சரி.

ஆமா சார், நிறுத்தினேன்னு அவனே ஒத்துக்கிட்டான். கள்ளப்பயலா இருந்தா மிஷின் மக்கர் பண்ணிச்சுன்னு சொல்லிட்டுப் போயிருப்பான்ல?

ஏன் நிறுத்தினான்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க கானாங்கத்த மீனு சாப்புடுவீங்களா? கூட்டங்கூட்டமா வரும், ஆனா சரியான பயந்தாங்கொள்ளி. தண்ணி ஒரு எடத்துல மட்டும் தூறல் வுழறாப்புல சிலுசிலுக்கும், அடியில கருப்பாத் தெரியும். அங்கதான் இருக்கு. கோழி எறக முள்ளுல கட்டி, ஒரே கயித்துல வரிசையாக் கோத்து எறக்குனாலும் புடிக்கலாம். அது வூட்டுக் கொழம்புக்கு ஆவும். பொழப்புக்குன்னா வலைதான். ரெண்டு வெரல் நொழையற கண்ணு, மேல மெதப்பு, அடியில ஈயக்குண்டு கட்டுன கயிறு. மீனு தலைய வுடும், செவுளு மாட்டிக்கும், முன்னயும் போவ முடியாது, பின்னயும் வர முடியாது.

ஆனா மிஷின் சத்தம் கேட்டுச்சோ, போச்சு. மொத்தக் கூட்டமும் அடிக்கு எறங்கிடும். அதனால எங்க பக்கம் ஒரு பழக்கம். ஒரு படகுலேர்ந்து துண்டு வீசினா, இங்க கானாங்கத்த கெடக்கு, மிஷின நிறுத்திட்டுத் துடுப்பு போட்டு வான்னு அர்த்தம். பேச்சுவார்த்த இல்லாதவனுக்கும் வீசுவோம். அவ்ளோ பெரிய கூட்டத்த ஒரு வலையால வளைக்க முடியாதில்ல? துண்டப் பாத்தும் ஒருத்தன் டர்ருன்னு மிஷின் போட்டுக்கிட்டு வந்தான்னா, சாயந்தரம் பஞ்சாயத்துல நிக்க வச்சுக் கிழிச்சிடுவோம்.

நேத்து பாலகுருதான் வலைய வுட்டுக்கிட்டு இருந்தான். இன்னொரு ஆளு பின்னால மிஷினுகிட்ட. அந்த ஆளுக்கு இன்னும் பேச்சே வரலன்னு சொன்னாங்களா? ம். வயசான ஆளுதான்.

அடிக்கயிறு ஓடறப்ப பையன் கால்ல சுத்திக்கிச்சு சார். ஒரே இழுப்பு, தண்ணிக்குள்ள போயிட்டான். வலையில மீனு வேற மாட்டிக்கிச்சு, கனத்துக் கீழ போவுது. கயித்தப் புடிச்சி இழுத்தா ஒரு ஆளால ஆவல. மிஷினப் போட்டா வலை அடியில சுத்தற காத்தாடியில மாட்டி அவனையும் சேத்து இழுக்கும். கத்தாம இருப்பாங்களா? தொண்ட கிழியக் கத்தினாலும் காத்து அந்தாண்ட அள்ளிக்கிட்டுப் போவுது.

முத்துவேலு துடுப்பு போட்டுக்கிட்டு வந்தான். சத்தமில்லாம, பதனமா, மீனு கலையக் கூடாதுன்னு. கிட்ட வந்து மொகத்தப் பாத்தப்பறந்தான் அவனுக்கு வெளங்கிச்சு. கத்தியோட குதிச்சான் சார். வலைய அறுத்து, பையனத் தூக்கிப் படகுல போட்டு, வாயில வாய வச்சு ஊதினான். கரை வர்ற வரைக்கும் ஊதினான். போதும்டான்னாலும் கேக்கல. அவனா சார் கொலகாரன்?

வுட்டுடுங்க சார். சாயந்தரம் பையன எடுக்கறோம். தூக்கற நாலு பேருல அவனும் ஒருத்தனா இருக்கணும். அன்புசெல்விகிட்ட நான் பேசிக்கறேன். என்னத்தச் சொல்லிப் பேசறதுன்னுதான் தெரியல.

என்னா சார்? ஆபத்துன்னு சொல்லத் தனியா சைகை இல்லையாவா? இருக்கு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் குறுக்க ஆட்டணும். அதப் பாத்தா பகையாளியா இருந்தாலும் தன்னோட வலைய அறுத்து வுட்டுட்டு முழு வேகத்துல வருவான். முத்துவேலும் வந்திருப்பான்.

அந்த ஆளு ஏன் ரெண்டு கையையும் ஆட்டலன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். ஒரு கைதான் சார் சும்மா இருந்துச்சு. தோள்ல கெடந்த துண்ட அதால எடுத்து வீசினேன். இன்னொரு கையில கயிறு. அத எப்படி சார் வுடறது? அந்த முனையில எம்புள்ள இருக்கான்.