அறுபதாவது மாதம்

மாமா: நம்பர் எடுத்தனியோ, பிள்ளை?

கவிசா: மாமா, இது உங்கட சொந்த வீட்டு ஹோல். என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.

மாமா: ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு. வாசலிலை துண்டு வெட்டி வைச்சிருக்கிறன். எடு.

கவிசா: சரி... பதினேழு.

மாமா: பதினேழாம் இலக்கம் உள்ளை வரலாம்.

கவிசா: உள்ளைதானே நிக்கிறன். முதல் பதினாறு பேரும் எங்கை?

மாமா: மற்றாக்களின்ரை விபரம் வெளியிலை சொல்லேலாது. இந்தா, என்ரை காட்.

கவிசா: “திரு. ஸ்ரீஸ்கந்தராஜா, சர்வதேச ஓய்வூதிய ஆலோசகர்”... சர்வதேசமோ, மாமா?

மாமா: போன வருசம் பெல்ஜியத்திலையிருந்து ஒராள் போன் எடுத்தவர்.

கவிசா: பென்சன் விசயமாவோ?

மாமா: நம்பர் மாறி எடுத்திட்டார். எண்டாலும் அரை மணித்தியாலம் ஆலோசனை குடுத்துத்தான் விட்டனான். சரி, உன்ரை பிரச்சினையைச் சொல்லு.

கவிசா: நான் நியூசிலாந்துக்குப் போறன்தானே, ஓக்லண்டிலை பல்லுச் செய்யிற லாப்பிலை வேலை. இஞ்சத்தை வேலை யூலை பதினைஞ்சோடை முடியுது. இஞ்சை கட்டின பென்சன் என்னாகும் எண்டு... எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அம்மாவும் உங்களைத்தான் கேக்கச் சொன்னவ.

மாமா: எத்தினை மாதம் கட்டியிருக்கிறாய்?

கவிசா: அவுஸ்பில்டுங் எண்டு தொழில் பழகின காலத்தையும், இந்த யூலையையும் சேர்த்தால் ஐம்பத்தொன்பது.

மாமா: ஐம்பத்தொன்பது... ம்ம்... நிலைமை மோசம். அஞ்சு வருசம், அதாவது அறுபது மாதம் நிரம்பினால்தான் உனக்கு உரிமை. பிறகு நீ ஓக்லண்டிலை இருந்தாலும் சரி, நிலாவிலை இருந்தாலும் சரி, வயசு போக பென்சன் தேடி வரும். ஐம்பத்தொன்பதெண்டால் ஒண்டும் வராது.

கவிசா: அங்கையிருந்தும் நாங்களாக் கட்டி நிரப்பலாம்... எண்டு சொல்லுகினம்.

மாமா: ஆர் சொல்லுறது?

கவிசா: பஸ்ஸிலை ஒராள்.

மாமா: பஸ்ஸிலை... அதுக்கு வேறை விண்ணப்பம், வேறை கரைச்சல். சுகமான வழி இருக்கு. பொறு, கண்ணாடியைப் போடுறன்... ஓகஸ்ட் முதலாந் திகதி வரைக்கும் வேலை செய். ஒரு மாதத்திலை ஒரு நாள் செய்தாலும் அது முழு மாதக் கணக்கு. அறுபது.

கவிசா: ஒரே ஒரு நாளோ... இதெல்லாம் எப்பிடி மாமா மண்டைக்குள்ளை வைச்சிருக்கிறியள்?

மாமா: அனுபவம்.

கவிசா: கையிலை என்ன பேப்பர்?

மாமா: கறண்ட் பில்.

கவிசா: ஆனா ஓகஸ்ட் எண்டால் ஆடி மாதமெல்லோ. ஆடி பிறக்க முன்னம் பிளேன் ஏறிப்போட வேணும் எண்டு அம்மா சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. நான் கேட்டால் சண்டைதான் வரும்.

மாமா: பென்சன் கந்தோருக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. டுசல்டோர்ஃப்பிலை இருக்கிற கொம்மாவுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கரிலை விடு.

கவிசா: அம்மா... மாமா வீட்டிலை நிக்கிறன். அவர் என்னவோ சொல்லப் போறாராம்.

மாமா: வைதேகி, ஆலோசகர் கதைக்கிறன்.

அம்மா: சொல்லுங்கோ, அண்ணை.

மாமா: ஆழமா ஆராய்ஞ்சு பார்த்ததிலை, பிள்ளை ஓகஸ்ட் ஒண்டு மட்டும் வேலை செய்துபோட்டுத்தான் வெளிக்கிட வேணும். ஆடிதான். எண்டாலும் இது என்ரை தீர்ப்பு.

அம்மா: பெரியாள் நீங்கள் சொன்னால் சரி, அண்ணை.

கவிசா: சரியோ... அம்மா, இந்த ஆடிக்காக ரெண்டு கிழமையா என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை நீங்கள்.

அம்மா: ஊருக்கெல்லாம் சொன்னதை நானே மாத்தேலுமோ? அண்ணை மாத்தினார் எண்டால் ஒருத்தரும் வாய் திறக்காயினம். நான் நேற்றுச் சொல்லச் சொல்ல எழுதினவர், ஒரு சொல்லும் விடாமல் வாசிச்சிட்டார்.

கவிசா: மாமா... கறண்ட் பில் எண்டியள்?

மாமா: மற்றப் பக்கம் கறண்ட் பில்தான்.

கவிசா: அம்மா, உங்களுக்கு எப்பிடி அறுபது மாதக் கதை தெரியும்?

அம்மா: பென்சன் கந்தோரிலை டெர்மின் எடுத்து, நேரம் குறிச்சுப் போய்க் கேட்டனான். உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு நான் கேக்கேல்லையே.

மாமா: அவளுக்கு எங்கை தெரியும்? இப்பதான் நான்...

அம்மா: அண்ணை, அவள் போன மாதமே முதலாளியோடை கதைச்சு ஓகஸ்ட் ஒண்டு மட்டும் வேலையை நீட்டிப்போட்டாள். ரெண்டாந் திகதிக்கு ரிக்கற்றும் போட்டிட்டாள். பிரிண்டரிலை ஒரு பிரதி கிடந்தது.

மாமா: அப்ப... எல்லாம் தெரிஞ்ச பிள்ளைக்கோ நான் இவ்வளவு நேரமா விளங்கப்படுத்தினது?

கவிசா: நீங்கள் சொன்னபடியாத்தான் மாமா அம்மா இறங்கி வந்தவ. அம்மா... கோவமில்லைத்தானே? ஆடிக்கை நான் தனியப் போறன் எண்டு...

அம்மா: ஆர் தனியப் போறது? ரிக்கற்றிலை உன்ரை சீற் நம்பரும் இருந்தது. பக்கத்துச் சீற்றை அண்டைக்கே நான் எடுத்திட்டன், புரட்டாதி வரைக்கும் அங்கைதான் நிக்கப் போறன்.