வீட்டில் கேட்ட சத்தம்

ஹலோ... ஹலோ, பிளாரன்ஸ் டீச்சரா?... நான் உமாராணி பேசுதேன்... உமாராணி, தூத்துக்குடி... ஆமா, ஆமா, போன மாசம் திருச்சி ஆசிரியர் மாநாட்டுல... அதேதான், சாப்பாட்டு வரிசையில உங்களுக்குப் பின்னாடி நின்னவ... ஆமா, நம்பர் வாங்குனேம்லா, அதான்... டீச்சர், கிளாஸ்ல இருக்கீங்களா?... இங்கயும் மதிய இடைவேளைதான். கொஞ்சம் பேசலாமா?... இல்ல, நல்லாத்தான் இருக்கேன்... இல்ல டீச்சர். நல்லா இல்ல.

நீங்க திண்டுக்கல்லுல உங்க கிளாஸ் பிள்ளைங்களை வச்சுச் செஞ்சதா மேடையில சொன்னீங்கள்ளா... வீட்டுல கேட்ட சத்தம்னு... கண்ண மூடச் சொல்லி, நேத்து வீட்டுல கேட்ட ஒரு சத்தத்தை நினைச்சுப் பாக்கச் சொல்லி, பொறவு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அதைச் சொல்லணும்னு... ஆமா. அதை நான் திங்கக்கிழமை ஏழாங்கிளாஸ்ல செஞ்சேன்.

...வந்துச்சு, வந்துச்சு. நல்லா வந்துச்சு. நீங்க சந்தோசப்படுவீங்கன்னு தெரியும்... ஒருத்தன் சொன்னான், துறைமுகத்துல கப்பல் ஊதுனா எங்க வீட்டுத் தட்டெல்லாம் அதிரும்னு. ஒரு பிள்ளை, உப்பு லாரி போனா எங்க நாய் எந்திரிச்சு மறுபடியும் படுக்குத சத்தம்னுச்சு... ஆமா, நாய் படுக்குத சத்தம்! எனக்கு அப்படியே புல்லரிச்சுப்போச்சு. கட்டுரை எழுதச் சொன்னா கைடைப் பாத்து எழுதுத பிள்ளைங்க டீச்சர் இதுங்க. இத்தனை வருஷம் என்னத்தப் பாடம் நடத்துனேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. பீரியடு முடியுததுக்குள்ள நம்ம மாநாட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், நீங்க கூட கை தட்டுத படம் அனுப்புனீங்க...

ஆமா. அதுக்குப் பொறவுதான்.

இசக்கிசெல்வின்னு ஒரு பிள்ளை. ஆறாங்கிளாஸ்ல இருந்து எங்கிட்டதான் தமிழ் படிக்கா. வாயே தொறக்க மாட்டா. வாசின்னா எந்திரிப்பா, புஸ்தகத்தைப் பாப்பா, உக்காந்துருவா. அன்னைக்கு அவளாவே எந்திரிச்சா. நான் கூப்பிடவே இல்ல... எனக்கு அவ்வளவு சந்தோசம். ‘சொல்லுளா, சொல்லு’ன்னேன்... ஆமா, நான்தான் சொல்லச் சொன்னேன்...

‘எங்க அம்மா அழுதா வெளிய கேக்கக் கூடாதுன்னு சேலையை வாயில வச்சுக் கடிச்சுக்கிடுவா. அந்தச் சத்தம்’னா.

......

ஆமா டீச்சர்.

......

நான் அதோட விட்டிருக்கணும். வாய் தவறி, ‘எப்பம்மா’ன்னு கேட்டுட்டேன். ‘அப்பா கடையை அடைச்சிட்டு வந்த பொறவு’ன்னா... ஆமா, தினமுந்தான் கடை அடைக்காவ.

அப்பாவா? மந்திரமூர்த்தி அண்ணாச்சின்னு, மாப்பிள்ளையூரணியில பெரிய பலசரக்குக் கடை. ஊருக்குள்ள நல்ல பேரு. கோயில் கொடைத் திருவிழான்னாலும் சரி, எங்க ஸ்கூல் ஆண்டு விழான்னாலும் சரி, அவியதான் முன்னால நிப்பாவ. நானே அந்தக் கடையிலதான் அரிசி வாங்குதேன்... யாரு நினைச்சா? யாருமே நினைக்கல டீச்சர்.

பிள்ளைங்க எல்லாம் வீட்டுல போயி சொல்லிட்டுதுங்க. சொல்லாம இருக்குமா? அன்னைக்குச் சாயங்காலமே கடையில சாமான் வாங்க வந்த பொம்பளை ஒருத்தி, ‘என்ன அண்ணாச்சி, உங்க வீட்டுல என்னமோ சத்தமாமே’ன்னு கேட்டுட்டா. நாலு பேரு நிக்கும்போது... ஆமா... ஆமா... அதுல இருந்து பிள்ளை ஸ்கூலுக்கு வரல.

...தெரியல. அவளை அடிச்சாவளா, அம்மாவை அடிச்சாவளா, ஒண்ணும் தெரியல. நான் போனேன் டீச்சர். நேத்து வீட்டுக்குப் போனேன். அந்தம்மா, சந்தனமாரி, கதவை முழுசாத் தொறக்கல. ‘பிள்ளைக்குக் காய்ச்சல் டீச்சர், வேற ஒண்ணுமில்ல’ன்னா. கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டே பேசுனா. ‘நீங்க நடந்து வந்ததை யாரும் பாத்தாங்களா’ன்னு வேற கேட்டா. என்ன செய்ய? திரும்பி வந்துட்டேன்.

...பண்ணுனேன், பண்ணுனேன். பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் இருக்குல்லா, அதுக்கும் பண்ணுனேன். நல்லாத்தான் பேசுனாங்க. பாதிக்கப்பட்டவங்க பேசுவாங்களான்னு கேட்டாங்க. எப்படிப் பேசுவா? அவ வாயில சேலை இருக்குன்னுதான பிள்ளை சொல்லுச்சு... ஆள் அனுப்பட்டான்னாங்க. எனக்குப் பயமாப் போச்சு. ஆள் வந்துட்டுப் போயிருவாங்க, ராத்திரி அவ அந்த வீட்டுலதான படுக்கணும். கொஞ்சம் பொறுங்கன்னுட்டேன். அது சரியா தப்பான்னு கூடத் தெரியல.

குரூப்லயா? கேட்டேனே! பிள்ளை பேரு போடாம, இப்படி ஆகிப்போச்சு, யாருக்காவது இப்படி வந்திருக்கா, என்ன செய்யணும்னு கேட்டேன். எல்லாரும் பாத்திருக்காங்க. ஒருத்தரும் பதில் போடல. காலைல ஒருத்தர் ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் அனுப்பியிருக்காரு... நீங்க பாக்கலையா?... சரி, சரி, பரவால்ல, அதைச் சொல்லல...

இப்ப என்னன்னா, அவங்க வந்திருக்காங்க. அண்ணாச்சி, அந்தம்மா, பிள்ளை, மூணு பேரும். கீழ ஹெச்.எம். ரூம்ல இருக்காங்க. டி.சி. கேக்காவ... நான் மாடியில, தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்...

இல்ல, வேற ஸ்கூல்ல சேக்கதுக்கு இல்ல. ‘பொம்பளைப் பிள்ளை படிச்சது போதும், வீட்டுல இருக்கட்டும்’னுட்டாவ. ஏழாங்கிளாஸ் டீச்சர்! பன்னெண்டு வயசு!... ஆமா, சட்டம் இருக்கு. ஹெச்.எம். சார் எடுத்துச் சொன்னாவ. ‘அப்ப சாயர்புரத்துல என் தங்கச்சி வீட்டுல விட்டு எங்கயாவது சேத்துக்கிடுதேன், உங்களுக்கென்ன’ன்னாவ. சேக்க மாட்டாவ. எல்லாருக்கும் தெரியும்.

எங்க ஹெச்.எம்., ஆதிநாதன் சார், மோசமானவங்க இல்ல. என்னை மாநாட்டுக்கு அனுப்புனதே அவியதான். போயிட்டு வந்த மறுநாள், நாலு பேருக்குச் சொல்லுங்கன்னு ஸ்டாஃப் மீட்டிங்ல பேச வச்சாவ. இப்ப என்ன சொல்லுதாவ தெரியுமா? ‘எங்கயோ ஒருத்தர் கிளாஸ்ல நடந்ததைத் தூக்கிட்டு வந்து இங்க வச்சுப் பாக்கலாமா டீச்சர்’ங்காவ. இல்ல, உங்களைச் சொல்லல...

சார்தான் பேசி ஒரு வழி பண்ணியிருக்காவ. நான் கிளாஸ்ல போயி எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் சொல்லணுமாம், அது கதை கட்டுத விளையாட்டு, இசக்கி கற்பனையாச் சொன்னா, உண்மை இல்லன்னு. அப்படிச் சொல்லிட்டா டி.சி. வேண்டாம், பிள்ளை இங்கனயே படிக்கட்டும்னு அண்ணாச்சி ஒத்துக்கிட்டாவ. மதியம் முதல் பீரியடு ஏழாங்கிளாஸ்தான். பெல் அடிச்சா நான் போயி சொல்லணும்.

என்ன செய்யட்டும் டீச்சர்?

......

இல்ல, நீங்க சொல்லுங்க... சொல்லலன்னா அவ படிப்பு போச்சு. அந்த வீட்டுக்குள்ளயே கெடப்பா. சொன்னா... முதல் தடவையா வாயைத் தொறந்த பிள்ளையை நான் பொய்யின்னு சொல்லணும். எல்லார் முன்னாலயும். அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு... ஆமா... ஆமா... ரெண்டும் முடியல என்னால.

......

என்னது?... உங்க கிளாஸ்லயும் ஒரு பையன் இப்படிச் சொன்னானா?... எப்ப?... அந்த வருஷமேயா?

......

பொறவு?... அந்தப் பையன் வரவே இல்லையா? எங்க இருக்கான்னும் தெரியாதா?... டீச்சர், இதை நீங்க மேடையில சொல்லவே இல்லையே.

......

நேரம் இல்லன்னா? பாட்டுப் பாடுன பிள்ளையைப் பத்திச் சொல்ல நேரம் இருந்துச்சே! கவிதை வாசிச்ச பிள்ளையைப் பத்திச் சொல்ல நேரம் இருந்துச்சே! அந்த மண்டபத்துல எத்தனை பேரு உக்காந்திருந்தோம், எல்லாரும் நோட்டுல எழுதுனோம் டீச்சர்! ஒரு வார்த்தை, பிள்ளை இப்படி ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா எல்லார் முன்னாலயும் சொல்ல விடாதீங்க, தனியாக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு, ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா...

......

அழாதீங்க... இல்ல, நான் கத்துனது தப்பு. மன்னிச்சிருங்க... எனக்குப் புரியுது. நானும் அப்படித்தான. குரூப்ல நாய் படுத்ததைத்தான போட்டேன். இசக்கி சொன்னதை அன்னைக்குப் போடலையே... ஆமா. நல்லா வந்ததை மட்டுந்தான் கொண்டுட்டுப் போறோம் எல்லாரும்... ஆமா... நீங்க இப்ப சொன்ன இதைத்தான் நான் திருச்சியில கேட்டிருக்கணும். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாமத்தான இருந்திருக்கீங்க இவ்வளவு நாளு... ம்... ம்...

சரி, இப்ப நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?... தெரியலையா. பரவால்ல. தெரியலன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். எல்லாரும் எனக்கு வழி சொல்லுதாங்க...

ஒரு நிமிஷம் இருங்க. யாரோ மாடிப்படி ஏறி வாராங்க... இசக்கியோட அம்மா, டீச்சர். வைக்காதீங்க, வைக்காதீங்க...

வாங்கம்மா... இல்ல, வேண்டியவங்கதான் பேசுதாங்க, நீங்க சொல்லுங்க. ஏன் இப்படி மூச்சு வாங்குது? இங்கன உக்காருங்க... நான் வந்துருதேன்மா கீழ, பெல் அடிச்ச உடனே... ஏன் வர வேண்டாம்?

......

யாரு சொன்னா?... அவளாவா?... நீங்க சொல்லச் சொன்னீங்களா?... சத்தியமா இல்லையா?... சார் முன்னாலயா? அப்பாகிட்டயா?

......

இல்லம்மா, நான் சந்தோசப்படாம என்ன... பிள்ளை இங்கனயே படிக்கட்டும், அதுதான வேணும். நீங்க ஏன்மா கும்பிடுதீங்க, கையைக் கீழ விடுங்க... கை என்னம்மா இப்படி வீங்கியிருக்கு?... சரி. சரி, கேக்கல. கேக்கல... சந்தனமாரி அம்மா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. எப்ப வேணும்னாலும், எந்த நேரம்னாலும் எனக்கு ஒரு போன்... உங்ககிட்ட போன் கெடையாதா. அண்ணாச்சிதான் வச்சிருக்காவளா... சரிம்மா. கீழ கூப்பிடுதாங்க பாருங்க, போங்க. பாத்து எறங்குங்க.

......

ஹலோ... டீச்சர், இருக்கீங்களா?... கேட்டுச்சா?... ஆமா. நான் என்ன சொல்லணும்னு இங்க நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், அவ கீழ சொல்லிட்டா. ‘நான் பொய் சொன்னேன், எங்க அம்மா அழவே மாட்டா’ன்னு. யாரும் சொல்லிக் குடுக்கலையாம்... ஆமா. டி.சி. வேண்டாம்னுட்டாவளாம். எல்லாம் முடிஞ்சிட்டாம்.

அந்தம்மா எனக்கு நன்றி சொல்லிட்டுப் போறா டீச்சர்.

......

பெல் அடிச்சிட்டு... ஆமா, ஏழாங்கிளாஸ்தான். என்ன பாடம் நடத்த? நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு... டீச்சர், ஒரு உதவி செய்வீங்களா? கட் பண்ணிராதீங்க. ஒண்ணும் பேச வேண்டாம். போனைக் கையில வச்சுக்கிட்டே உள்ள போறேன், சும்மா அங்கன இருங்க... ஆமா, ரூல் எல்லாம் தெரியும். சார் என்னத்தையும் சொல்லட்டும்... தேங்க்ஸ் டீச்சர்.

......

வணக்கம், வணக்கம், உக்காருங்க... ஓடாதலே, மெதுவா... ஜன்னல் வழியா ஏன் எட்டிப் பாக்கீங்க எல்லாரும்?... வாங்க அண்ணாச்சி. வெளிய ஏன் நிக்கீங்க? எல்லாம் முடிஞ்சிட்டுன்னு சொன்னாங்களே... கிளாஸ்லயுமா?... சார்கிட்டச் சொன்னா பத்தாதா?... இல்ல அண்ணாச்சி, பிள்ளை சொல்ல வேண்டாம், நான் சொல்லுதேன். நான்தான சொல்லுததா இருந்துச்சு. பிள்ளைங்களா, இங்க கவனிங்க, திங்கக்கிழமை நாம செஞ்சது வெறும் விளையாட்டு, அதுல இசக்கி சொன்னது... இசக்கி, உக்காருளா. நான் சொல்லிக்கிட்டு இருக்கேம்லா, நீ ஏன் எந்திரிக்க... உக்காரு. உக்காருன்னு சொல்லுதேன்... இசக்கி...

......

......

சரி.

சொல்லிட்டா. எல்லாரும் கேட்டீங்கள்ளா. யாரும் சிரிக்கக் கூடாது, இதைப் பத்தி யாரும் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது... நீ உக்காரும்மா... என்னை ஒருதடவ பாரு... சரி, பாக்க வேண்டாம். உக்காரு.

போதுமா அண்ணாச்சி?... சரி. போயிட்டு வாங்க.

......

புஸ்தகத்தை எடுங்க எல்லாரும். சத்தம் போடாம முதல் பாட்டை வாசிச்சுக்கிட்டு இருங்க, நான் இந்தா வாரேன்...

ஹலோ... டீச்சர்... கேட்டீங்களா?... ஆமா... ரொம்ப நல்லாப் பேசுனா. நிறுத்தி, நிதானமா, ஒரு இடத்துல கூடத் தடுமாறல. இப்படி அவ வாசிக்கணும்னுதான் நான் இவ்வளவு நாளு...

......

இல்ல டீச்சர், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்... ஆமா... ஆமா... பிள்ளைங்க எல்லாம் என்னையே பாக்குது. வைக்கேன்.