நடுவில் வைத்த புள்ளி

ஆகஸ்ட் 9, செவ்வாய்.

நேற்றைய பக்கத்தில் ஆறு சொப்பைப்பியா தின்றதாக எழுதியிருக்கிறேன். பிழை. ஏழு. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊரான வல்திவியாவில் இந்தப் பூசணிப் பூரிகளை யாரும் எண்ணித் தின்பதில்லை. இருந்தாலும் எண்ணிக்கையில் தவறு விடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் இன்னோர் எண்ணையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். அறிக்கையில் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். சரியான விடை ஐம்பத்தெட்டு.

அது எங்கள் மாலை வகுப்புக்கு வந்த கணக்கு. துறைமுகத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் நகராட்சி ஓர் அபாயச் சங்கு வைத்தது. கடல் பொங்கி வந்தால் அது ஊதும். முனைக்கு அப்பால் இருக்கும் கில்குரா குப்பத்திலும் அது கேட்குமா? கேட்காதென்றால் அங்கே தனியாக இன்னொரு சங்கு வைப்பார்கள். கேட்குமென்றால் அந்த இரண்டாவது சங்கு வேறு ஊருக்குப் போய்விடும்.

நாங்கள் காற்று முழுவதையும் கூறுபோட மாட்டோம். தொட்டியின் மேற்பரப்பை மட்டும் சிறு சதுரங்களாக நறுக்கி, அதிலிருந்தே வெளியில் பரவும் ஒலியைக் கணக்கிட்டுவிடுவோம். முதல் முறை திரையில் தொட்டியைச் சுற்றி அந்தச் சதுரங்கள் பூத்தபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுவதும் கால் தரையில் படவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு நோய் உண்டு. சில சுருதிகளில் மூடிய தொட்டிக்குள் இல்லவே இல்லாத ஓர் ஒலி கணக்குக்குள் எழுந்து, வெளியே வரும் விடையை உப்பவைத்துவிடும். வகுப்பில் அதைப் பேய்ச்சுருதி என்போம். மருந்தும் உண்டு. தொட்டிக்குள் ஒரு புள்ளியைக் காவல் வைத்து, இங்கே ஒலி சுழியம் என்று கணக்கைக் கட்டாயப்படுத்த வேண்டும். நான் வைத்தேன். சரியாக நடுவில் வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது.

கில்குராவில் தொண்ணூற்றாறு டெசிபெல் கேட்கும் என்று வந்தது.

என் பக்கத்து இருக்கை நொல்பெர்த்தோ. அவனுடைய அக்கா எதெல்மிரா கில்குராவில் கடற்பாசி உலர்த்திக் கட்டுக் கட்டாக விற்கிறவள். அவன் திரைக்குள் தலையை நுழைத்தான்.

"ஏ கணக்குப்புலி, இந்தக் கோடு கீடெல்லாம் எனக்கு வேணாம். எங்க அக்கா காதுல விழுமா, அத மட்டும் சொல்லு."

"காதே கிழியும்."

"அவ காதா? நான் இருவது வருஷமா கத்துறேன், கிழியலயே."

சொல்லிவிட்டு என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். வகுப்பு எடுக்கும் ஒவாந்தோ சார் கைதட்டினார். "பலே சுனில்தா, அறிக்கையில உன் பேரே முதல்ல போகட்டும்மா." என் பெயர் எதிலும் முதலில் போனதில்லை.

மறுநாள் காலை, சும்மா ஓர் ஆசைக்கு, புள்ளியை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. மறுபக்கம் தள்ளினேன். அப்போதும் ஐம்பத்தெட்டு, கடலிரைச்சலிலேயே அமுங்கிப்போகும் அளவு. பிறகுதான் விளங்கியது. அந்தப் பேய் தொட்டியின் நடுவில் தானாகவே சுழியமாக இருக்கிறது, ஆகவே நடுவில் நிற்கும் காவலுக்கு அது வந்ததே தெரியாது. எவ்வளவு நேர்த்தி. தனியே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அறிக்கை இரண்டு நாள் கழித்துத்தான் நகராட்சிக்குப் போனது. சொல்ல நேரம் இருந்தது. நொல்பெர்த்தோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தான், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் இடத்தில் மனசாட்சி உள்ள யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

முதல் சோதனையன்று சங்கு கேட்கவில்லை என்று எதெல்மிரா சொல்லி அனுப்பினாள். நல்ல மழை நாள் அது. மழையால் இருக்கும் என்றேன், குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது சங்கை லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள்.

ஜூன் மாதம் கடல் வந்தது. இங்கே நிலம் அதிரவில்லை. அதிர்ந்திருந்தால் எல்லோரும் தாமாகவே மேட்டுக்கு ஓடியிருப்பார்கள், அது எங்களுக்குப் பிறவியிலேயே தெரியும். இந்த அலை பெருங்கடலின் அந்தக் கரையிலிருந்து கிளம்பியது. காலை எட்டே கால். சங்கு இருபது நிமிடம் ஊதியது. துறைமுகத்தில் ஒருவருக்கும் கீறல் இல்லை. கில்குராவில் கைபேசி எடுக்காது. ஏழு பேரைக் கடல் கொண்டுபோனது. அதில் ஒருத்தியான எதெல்மிரா அப்போது ஈரப் பாசியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

நொல்பெர்த்தோ மூன்று வாரம் கழித்து வகுப்புக்கு வந்தான். மாத்தே என்ற இலைத் தேநீர்க் குவளையை என்னிடம் நீட்டினான். உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"உன் கணக்கு தப்பா இருக்காதுன்னு எனக்குத் தெரியும் புள்ள. அவதான் ரேடியோவ அலற விட்டிருப்பா. எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"காது கொஞ்சம் மந்தமோ அவங்களுக்கு?"

அவன் யோசித்தான். "இருக்கும்," என்றான். பிறகு அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். பழி தன் அக்காவின் மேல் என்று ஆனதும் அவனுக்குப் பாரம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதைச் செய்ய முடிந்ததில் எனக்கு நிம்மதிதான்.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. கரையோரம் இன்னும் நான்கு குப்பங்களுக்குக் கணக்குப் போட வேண்டுமாம். சுனில்தாதான் போட வேண்டும் என்று நொல்பெர்த்தோவே நகராட்சியில் கேட்டிருக்கிறான். சேதி கேட்டதும் மழையில் குடையில்லாமல் பாலம் வரை ஓடினேன், அப்படியொரு சந்தோஷம். அதில்தான் ஏழு சொப்பைப்பியா.

நாளைக்குச் செய்ய வேண்டியது: முதல் குப்பத்துத் தொட்டியை அளந்து சதுரங்களாக நறுக்க வேண்டும். புள்ளியை நடுவிலேயே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால், போன தடவை ஏன் அப்படி வைக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள்.