தூக்குவாளிக்குள்ள சாவி

அது சாப்பாடு இல்லண்ணே. மோந்து பாத்தாலும் வாசம் வராது. உள்ள கார் சாவி இருக்கு. ஆமா, தூக்குவாளிக்குள்ளதான். சும்மா போடலை. பிரியாணி கட்டிக் குடுக்குற வெள்ளித்தாள்ல மூணு சுத்து சுத்தி, உள்ள போட்டு, மூடியை நல்லா அமுக்கி வச்சிருக்கேன். குடுத்துருங்க, பஸ்ஸு குலுங்குது, என் மடியிலயே இருக்கட்டும்.

சிரிக்கிறீங்க. ஒங்ககிட்ட காரு இல்லையில்ல? அதான் நிம்மதியாச் சிரிக்கிறீங்க.

எனக்கும் காரு இல்ல. மாப்பிள்ளை காரு. திருமுருகன்னு பேரு, கோயம்புத்தூர்ல கம்பெனி வேலை. சிவப்புக் காரு, சீட்டுல பாலித்தீன் கவருகூட இன்னும் பிரிக்கலை. இப்ப அது ஆவுடையார்கோவில்ல கோயில் வாசல்ல சாவி இல்லாம மொடங்கி நிக்கிது. என் மக, மாப்பிள்ளை, பேத்தி மூணு பேரும் வெயில்ல நிக்கிறாங்க. சாவி இங்க இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள நான் போய்ச் சேந்தாத்தான் அவங்க இன்னைக்குக் கோயம்புத்தூர் போக முடியும். இருட்டுனா மாப்பிள்ளை வண்டி ஓட்ட மாட்டாரு, எதுத்தாப்ல வர்ற லைட்டு கண்ணைக் கூசுதாம்.

சாவி இல்லாம எப்புடி அவ்வளவு தூரம் போனாங்களா? நல்லாக் கேட்டீங்க. சொல்றேன், இருங்க.

அது பேருதான் சாவி. பல்லு கெடையாது, சொருக ஓட்டை கெடையாது. சோப்பு டப்பா மாதிரி இருக்கும். சட்டைப்பையில கெடந்தாப் போதும், கதவு தானாத் தொறக்கும், பட்டனை அமுக்குனா வண்டி உறுமும். எனக்கு ஜெகதாப்பட்டினத்துல ஐஸ் பிளாண்ட்ல நைட் டூட்டிண்ணே. பகல்ல படுத்தாத் தூக்கம் வந்து தொலையாது, போனை நோண்டிக்கிட்டுக் கெடப்பேன். அதுல ஒரு வீடியோ. ரெண்டு பேரு வாரான். ஒருத்தன் ஒரு பொட்டியை வச்சுக்கிட்டு வீட்டுச் சொவத்தை ஒட்டி நிக்கிறான், இன்னொருத்தன் வண்டிகிட்ட நிக்கிறான். வீட்டுக்குள்ள ஆணியில தொங்குற சாவி பேசுறதை அந்தப் பொட்டி ஒட்டுக்கேட்டு அங்கிட்டுக் கடத்துது. வண்டியும், ஆகா மொதலாளி வந்துட்டாருன்னு கதவைத் தொறந்து விடுது. எடுத்துக்கிட்டுப் போறான்! பூட்டை ஒடைக்கலை, கண்ணாடியை ஒடைக்கலை, நாய்கூடக் கொலைக்கலைண்ணே.

போன ஞாயித்துக்கெழமை இவங்க வந்து எறங்குறாங்க. அருணா எனக்கு ஒரே பொண்ணு, ஒன்றரை வருசம் கழிச்சு வாரா. நான் வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை அந்தச் சாவியக் குடுங்கன்னுட்டேன்.

அப்புறம் சோதனை. ஒவ்வொரு பாத்திரத்துலயும் சாவியப் போட்டு, வண்டிகிட்டக் கொண்டுபோயி, கதவை இழுத்து இழுத்துப் பாக்குறது. பித்தளைச் செம்புல போட்டேன், கதவு தொறந்துக்கிச்சு. மீன் அனுப்புற தெர்மாகோல் பொட்டியில போட்டேன், அதுக்கும் தொறந்துக்கிச்சு. பிரிட்ஜுல ஐஸ் வைக்கிற அறையில போட்டேன். தொறக்கலைண்ணே! ஆனா வெளிய எடுத்ததுக்கப்புறமும் தொறக்கலை. சாவி வெறைச்சுப்போச்சு. அருணாதான் தலைமுடி காயவைக்கிற மிசினைக் காட்டி அதுக்கு உசுரு குடுத்தா. கடைசியா குக்கரு. மூடி போட்டு வெயிட்டும் போட்டேன், அசையலை. அப்பாடான்னு பல்லு வெளக்கிட்டு வந்து பாக்குறேன், சுகுணா, என் வீட்டுக்காரி, அதுலயே பருப்பைக் கொட்டிட்டா. தண்ணி ஊத்துறதுக்குள்ள பாஞ்சு புடிச்சேன். ஒங்க சாவிக்குச் சாம்பாரை நிப்பாட்ட முடியாது, வேற பாத்திரம் பாத்துக்கங்கன்னு இந்தத் தூக்குவாளியைத் தூக்கி எறிஞ்சா. அன்னையிலருந்து இதுதான்.

புதன்கெழமை இன்னொரு கூத்து. கரண்டு ரீடிங் எடுக்குற வெள்ளைச்சாமி வந்தாரு. பல வருசமா வாரவருதான், ஆனா இந்தத் தடவை கையில புது மிசினு. அதை எங்க வீட்டுச் சொவத்தைப் பாத்து நீட்டுறாரு! விடுவனா? பின்னாடி போயி இடுப்போட சேத்துக் கட்டிப் புடிச்சுட்டேன். யோவ் தங்கமுத்து, நாந்தாய்யா வெள்ளைச்சாமின்னு கத்துறாரு. திருட்டுப்பய எப்புடி வேசம் போட்டிருக்கான் பாருன்னு நெனச்சு இன்னும் இறுக்கிப் புடிச்சேன். மாப்பிள்ளை வந்துதான் என் கையைப் பிரிச்சுவிட்டாரு. மாமா, ரெஸ்ட் எடுங்க மாமான்னாரு.

இருங்கண்ணே, போனு. சொல்லுங்க மாப்பிள்ளை. வந்துக்கிட்டேதான் இருக்கேன். பைக்கா? அதான் சொன்னேனே, டயர்ல காத்து இல்ல. இந்த பஸ்ஸு ஆடு மாட்டுக்கெல்லாம் நின்னு நின்னு வருது. ஆ? ஆ? கேக்கலை மாப்பிள்ளை. வச்சுருங்க.

பாவம், பஸ் ஸ்டாப்புலயே வந்து நிக்கிறாராம்.

ஆங், எப்புடிப் போனாங்கன்னு கேட்டீங்கள்ல. காலையில பொறப்பட்டாங்க. டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சாச்சு. மாமா சாவின்னாரு மாப்பிள்ளை. பையில போட்டுட்டேன், நீங்க பட்டனை அமுக்குங்கன்னு நான் ஜன்னலைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அமுக்குனாரு, ஸ்டார்ட் ஆயிருச்சு. ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் எவன் சாவியத் தேடுவான்? சாவி என் வேட்டி மடிப்புல கெடந்திருக்கு. வண்டி என் இடுப்புல இருந்த சாவியக் கேட்டுக்கிட்டுக் கெளம்பிருச்சு. ஒருக்கா கெளம்புனா நிறுத்துற வரைக்கும் ஓடுமாம். சிவப்பா ஏதோ எழுத்து வந்துச்சாம், பேத்தி போட்ட பாட்டுச் சத்தத்துல யாரும் பாக்கலையாம். ஆவுடையார்கோவில்ல சாமி கும்பிட நிப்பாட்டிருக்காங்க, அதோட சரி. உள்ள சாமிக்கு உருவம் இல்ல, வெளிய வண்டிக்குச் சாவி இல்ல.

அண்ணே, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்களேன். வெயிலு மூஞ்சியில அடிக்குது. இந்தத் துண்டைத் தலையில போட்டுக்கிறேன். யாரு, அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரா? பஸ்ஸுக்கு நிப்பாரு. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாக்குறாரா? யாரையாச்சும் தேடுவாரு. நீங்க அவரைப் பாக்காதீங்க, இங்கிட்டுத் திரும்புங்க. பஸ்ஸு எடுத்துட்டானா? எடுத்துட்டானா? அப்பாடா.

ஆமா. ஆவுடையார்கோவில்தான்.

இல்லண்ணே, விசில் அடிக்காதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு டிக்கெட்டே அறந்தாங்கிக்குத்தான். பைக்கு டயர்லயும் காத்து தானா எறங்கலை. அந்த வீடியோ சொன்னேன்ல, திருட்டு மட்டும் பாத்துட்டு விடலை, கடைசி வரைக்கும் பாத்தேன். சாவி பக்கத்துல இருந்தா வண்டி கெளம்பும், அப்புறம் சாவி எறங்கிப் போனாலும் ஓடும், நிறுத்துனா நின்னதுதான்னு அதுலதான் சொன்னான்.

அறந்தாங்கியில எறங்கி ஒரு டீயைக் குடிச்சுட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு, ரெண்டு மணிவாக்குல கொண்டுபோயிக் குடுத்துருவேன். அதுக்கு மேல எங்கிட்டுப் போறது, வீட்டுக்குத்தான் வரணும். நாளைக்கு வெள்ளிக்கெழமை, வெள்ளியும் அதுவுமா பொண்ணை அனுப்பக் கூடாது. சனி அஷ்டமி. ஞாயிறு மேக்க சூலம், கோயம்புத்தூரு மேக்கதான இருக்கு? மாப்பிள்ளை இதெல்லாம் நம்ப மாட்டாரு. ஆனா அவங்கம்மா பிரகதாம்பாள் இருக்காங்களே, காலண்டரைப் பாக்காம கட்டிலை விட்டு எறங்க மாட்டாங்க. அவங்களே போனைப் போட்டு, வராதீங்கடான்னு சொல்லிருவாங்க. திங்கக்கெழமை வரைக்கும் மாப்பிள்ளைக்கு லீவு இருக்குண்ணே. நாளைக்கு வண்டிக்கு மொத சர்வீசாம், அதுக்காகத்தான் இன்னைக்கே கெளம்புறாரு. வண்டிக்கு!

அவரைச் சொல்லிக் குத்தம் இல்ல. நாலு நாள் வந்து இருந்தா என் புள்ள. நாலு நாளும் நான் சாவியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். காலையில ஜன்னல் வழியா எட்டி, நல்லா இருக்கியா ஆத்தான்னு கேக்குறேன். அப்பத்தான் தெரியுது, அவ வந்ததுலருந்து அதைக் கேக்கவே இல்லைன்னு. இப்பக் கேக்குறீங்களேப்பான்னு சிரிச்சா. வண்டி நகந்துருச்சு.

அடிக்குது பாருங்க, அவருதான். அண்ணே, நீங்க எடுங்களேன். பச்சைப் பட்டனைத் தள்ளுங்க. பெரியவரு நைட் டூட்டி பாத்தவரு, பஸ்ஸுல அசந்து தூங்கிட்டாருங்க, ஊரைத் தாண்டிருச்சுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பொய்யெல்லாம் இல்ல. இந்தா, கண்ணை மூடிட்டேன்.