கிர்ஸ்டியைத் தாங்கிய கைகள்

மழைக்கோட்டைக் கழற்றி மாட்டச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர், நல்லதாகப் போயிற்று. மோர்கம் கடற்கரைச் சாரலில் நனைந்தால் அது நாய் மாதிரி நாறும்.

டாஃபி ஆப்பிள் பாட்டுக் குழுவில் இரண்டு பையன்கள், மூன்று பெண்கள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பையன்கள் என்றால் உயிர். மற்ற மூவரையும் சக்களத்திகளாகத்தான் பார்த்தார்கள். அதிலும் கிர்ஸ்டி அந்தப் பையன்களில் ஒருவனான டீனோடு சுற்றுகிறாள் என்று பத்திரிகையில் படம் வந்த பிறகு, அவள் வாயைத் திறந்தாலே ஊளையிட்டார்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஐந்து பேரில் உருப்படியாகப் பாடத் தெரிந்தவள் அவள்தான்.

நான் பள்ளிக்கூட வாசலில் ‘நில்’ பலகையைப் பிடித்து, வண்டிகளை மறித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க விடுகிறவள். பலகை குச்சிமிட்டாய் மாதிரி இருப்பதால் எங்களுக்கு லாலிபாப்காரி என்று பெயர். கச்சேரிகளில் என்னோடு முன்வரிசையில் நிற்கும் பெண்களெல்லாம் என் கை அசைவைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

கடைசிப் பாட்டில் கிர்ஸ்டி மேடை விளிம்புக்கு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து அப்படியே சாய்வாள். கூட்டம் ஏந்திக்கொள்ள வேண்டும்.

“மோரின் ஆன்ட்டி, அவள நாம எதுக்குத் தாங்கணும்? டீன வளைச்சுப் போட்டவ. விழட்டுமே” என்றாள் ஜெம்மா.

“வாய மூடுடி. நம்மள நம்பித்தானே அந்தப் புள்ள விழுது? கைய நீட்டு.”

நீட்டினாள். எல்லோரும் நீட்டினார்கள். குழு பாடப் போன ஊருக்கெல்லாம் நாங்களும் போனோம்; அங்கெல்லாம் அவளைத் தாங்கியது அந்தக் கைகள்தான்.

பிறகு ஒருநாள் வானொலியில் அவளைக் கேட்டார்கள்: “உங்களுக்கு மட்டும் ரசிகைகளே இல்லையாமே?”

“ஏன் இல்ல? ஒருத்தி இருக்கா. லாலிபாப்காரி. கிழவிக்குப் போக்கிடம் இல்ல, பாவம். அவ கை பட்டா ரூமுக்குப் போனதும் சோப்பு போட்டுத் தேய்ச்சிடுவேன்.”

கூட இருந்த நால்வரும் சிரித்தார்கள். மறுநாள் என் சாலையில் கார்க்காரன் ஒருவன் கண்ணாடியை இறக்கி, “சோப்பு வேணுமா?” என்றான். ஏறிய ஏணியை எட்டி உதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏந்திய கையை அசிங்கம் என்றவளை அப்போதுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் கடற்கரை மேடை. கீழே சிமெண்டுத் தரை. கிர்ஸ்டி திரும்பி நின்றதும் நான் முன்வரிசைக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் அகல விரித்தேன்.

“செல்லங்களா, பின்னால போங்க.”

ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பழகிய கால்கள், தாமாகவே போயின. ஜெம்மா மட்டும், “ஆன்ட்டி, அவ விழப் போறா” என்று முன்னால் பாய்ந்து கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

கிர்ஸ்டி சிரித்துக்கொண்டேதான் சாய்ந்தாள். இனி இடுப்புக்குக் கீழே அசையாது என்கிறார்கள்.

தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து ஓர் ஆள் விழுந்தும், என் பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூடச் சின்னக் கீறல் இல்லை. அதற்கு இதுவரை ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.