படத்தில் விழாத மூன்றாவது சுற்று

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு போட்டோக்காரரும் ஒரு லாரி முதலாளியும்.

"ராத்திரி லாரியைச் சுத்தி அஞ்சு நிமிஷம் நடந்தோம். படத்துல நம்ம ரெண்டு பேருமே இல்லை, பாருங்க," என்றார் போட்டோக்காரர்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. பட்டப்பகலில், காவேரிப் பாலத்தின் மேல், குனிந்து அவர்களுக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கும் இருந்தன, செருப்போடு.

"இருட்டுல கேமரா மூடியைத் திறந்தபடியே வெச்சுட்டு லாரி மேல டார்ச் அடிச்சுக்கிட்டே நடந்தேன். வெளிச்சம் பட்டதுதான் விழும். நாம நகர்ந்துக்கிட்டே இருந்தோம், விழலை. ஆனா நடுவுல நீங்க கற்பூரத் தட்டைச் சுத்திட்டீங்களே, முதலாளி!"

"புது லாரி. சுத்தாம இருப்பேனா?"

"அதான் நெருப்பு வளையமா விழுந்திருக்கு. படம் கெட்டுப்போச்சேன்னு நினைச்சேன். வேணாம்னா சொல்லிடுங்க, கிழிச்சுடறேன்."

"கிழிப்பீங்களா? எவ்வளவு லட்சணமா இருக்கு!" முதலாளி படத்தை மூக்கருகே கொண்டுபோனார். "ஆமா, ரெண்டு வளையம்தானே இருக்கு? மூணு சுத்து சுத்தினேனே?"

"மூணாவதுக்குள்ள பதறிப்போய் மூடியைப் போட்டுட்டேன்."

"அப்ப இன்னிக்கு ராத்திரியே மறுபடி எடுக்கறோம். மூணும் விழற வரைக்கும் லாரி ஷெட்டை விட்டு நகராது!"