மைனி தேர்ந்தெடுத்த கார் வகுப்பு

இரணியலில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். கைப்பையை மடியில் வைத்ததும், "ரேஸ் டிராக்குல கார் ஓட்டப் படிக்கப் போறேன்," என்றார்.

"மைனி, வெளையாடுதியளா?" கூட வந்த நாத்தனார் சிரித்துவிட்டார்.

"இல்ல மக்கா. கோயம்புத்தூருல புதுசா படிக்கவங்களுக்குக் கிளாஸ் உண்டு. ரெண்டு விதம். ஒண்ணு, அவங்களுக்க ரேஸ் காரு, ஒத்தைக்கு ஓட்டணும். மத்தது நம்ம காரு, படிச்சுத் தாறவரு பக்கத்துல இருப்பாரு."

"அவ்வளவு தூரம் போறதுக்கு ரேஸ் காருலயே ஓட்டுங்க."

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அருமனை தோட்டத்துல உங்க அண்ணன் எனக்கு ஜீப்பு படிச்சுத் தந்தாவளே, ஓர்மை இருக்கா?"

"இருக்காதா? அண்ணன் போட்ட சத்தத்துல ரப்பர் வெட்ட வந்தவங்கல்லாம் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சாவ."

"'மிதி, பயப்படாத, பக்கத்துல நான் இருக்கேம்லா'ன்னு சொல்லுவாவ. அவிய போன பெறகு நாப்பது ஸ்பீடுக்கு மேல நான் மிதிச்சதே இல்ல. பக்கத்துல இருந்து யாராவது ஒரு தடவை மிதின்னு சொன்னா போதும் மக்கா."

நாத்தனார் ஃபோனை எடுத்து மைனியின் கையில் கொடுத்தார்.

"கிளாஸுக்குக் கூப்பிட்டு நம்ம காரையே சொல்லுங்க மைனி. பின்னால சீட்டுல ஆள் ஏத்துவாவளான்னும் கேளுங்க."